மேற்கோள் எண்ணிக்கையும் மெய்ப்பயனும்

ஓர் ஆய்வாளரின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது? "அவர் கண்டறிந்தது யாது?" என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்றோ, "அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர்?" என்னும் இரண்டு வினாக்களே முந்தி நிற்கின்றன. பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நல்கை, கல்லூரியின் தர மதிப்பீடு ஆகிய பலவும் இவ்விரு எண்களைச் சுற்றியே வருகின்றன. மருத்துவத்திலும் பிற அறிவியல் துறைகளிலும் வேரூன்றிய இவ்வழக்கம் தமிழ்த்துறையின் வாயிலையும் தொட்டுவிட்டது.

இவ்வெண்களை முற்றும் வெறுப்பதும் பிழை. முற்றும் நம்புவதும் பிழை. இதனை விளக்க அயல்நாட்டுச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் திருவள்ளூர் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு பெரும் மருத்துவ ஆய்வு இதற்குப் போதிய சான்றாகும். அதனை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் பிறந்த வரலாறு

அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணை ஒன்றை வெளியிடத் தொடங்கினார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்பதை அதன் வாயிலாக அறியலாம். நூலகத்தில் ஒரு பொருள் பற்றித் தேடுவோர்க்கு அது வழிகாட்டும் விளக்காக அமைந்தது. தேடுவதற்காகப் பிறந்த கருவி நாளடைவில் மனிதரை அளக்கும் கருவியாக மாறியது.

2005-ஆம் ஆண்டில் இயற்பியலறிஞர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்பார் எச்-குறியீடு என்னும் அளவை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு இருபது என்பது கணக்கு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் ஆசிரியரின் கல்விச் செயற்பாட்டிற்குப் புள்ளிகள் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. அதன் பின்னர்க் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகியது. பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் இதழ்களும் அதனுடன் பெருகின.

இதன் தீமையை அறிவியலாளரே உணர்ந்தனர். 2012-ஆம் ஆண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள், ஓர் இதழின் மேற்கோள் மதிப்பைக் கொண்டு தனி ஆய்வாளரின் தகுதியை அளத்தல் கூடாது என்று ஓர் அறிக்கை வரைந்து, அடுத்த ஆண்டில் வெளியிட்டனர்.

எனினும் எண்ணுக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. உறவும் பரிந்துரையும் கோலோச்சும் இடத்தில், எவர் துணையுமின்றி உழைத்த ஓர் ஏழை ஆய்வாளர், "என் கட்டுரையை உலகம் படித்திருக்கிறது" என்று எடுத்துக்காட்டுவதற்கு அவ்வெண் உதவுகின்றது. ஆகவே எண் வேண்டா என்பது நம் கருத்தன்று. எண் மட்டும் போதும் என்பதையே மறுக்கின்றோம்.

ஆசிரியர் பெயர் இல்லாத கட்டுரை

1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை அதற்குத் துணைநின்றன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் முதல் ஐந்தாண்டுகள் அதனை வழிநடத்தினார். பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனமே, 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சேத்துப்பட்டில் இயங்கி வருகின்றது.

அக்காலத்தில் காசநோய் கண்டவரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைப்பதே முறையாக இருந்தது. நோயாளிகளின் தொகைக்கோ அங்கிருந்த படுக்கைகள் எம்மாத்திரம்! வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா என்னும் வினாவை அம்மையம் எடுத்துக்கொண்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நெரிசல் மிகுந்த அவர்தம் வீடுகளிலும், மறுபிரிவினர்க்குச் சானடோரியத்திலும் ஓராண்டுக்கு ஒரே மருந்தை அளித்தது. சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிட்டின. வீட்டில் இருந்தோர்க்கு அவை வாய்க்கவில்லை. அவ்வாறிருந்தும் இரு பிரிவினரும் நலம்பெற்ற அளவில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் தங்கியதனால் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்பது பின்னர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கித் தெளியப்பட்டது.

1959-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்த இக்கட்டுரை, பல நாடுகளில் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர வழிவகுத்தது. மனைவி மக்களைப் பிரிந்து மலையடிவாரங்களில் மாதக்கணக்கில் கிடந்து வாடும் நிலையிலிருந்து எண்ணற்ற ஏழைகள் விடுபட்டனர்.

அக்கட்டுரையின் ஆசிரியர் யார் என்று தலைப்பின் கீழ் நோக்கினால் எந்த மனிதரின் பெயரும் இராது. "காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை" என்றே இருக்கும். மருத்துவர், செவிலியர், ஆய்வகத்தார், புள்ளியியலார், வீடு தேடிச் சென்ற பணியாளர் ஆகிய அனைவரின் உழைப்பும் அவ்வொரு பெயருக்குள் அடங்கியது. இன்றைய கணக்கின்படி, அவருள் எவருடைய எச்-குறியீட்டிலும் அக்கட்டுரைக்கு இடமில்லை!

திருவள்ளூர்ச் சிற்றூர்கள் அளித்த விடை

அடுத்த வரலாறு நம் ஊர்களைச் சார்ந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா என்பது நெடுங்காலமாகச் சர்ச்சைக்குரிய பொருளாக இருந்தது. 1950-களில் நாடெங்கும் அவ்வூசி போடப்பட்ட காலத்தில் மூதறிஞர் இராஜாஜி அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். மறுபுறம், பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றோ ஊசி மிக நன்றாகப் பயன்தருவதாகக் கூறியது. வாதத்தால் தீராத இதனைச் சோதனையால் தீர்க்க முனைந்தனர்.

1968-ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் அவ்வாய்வு தொடங்கியது. (திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ஆம் ஆண்டில்தான்.) 3,66,625 பேர் பதிவு செய்யப்பெற்றனர். அவர்களுள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு மெய்யான தடுப்பூசி. சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது, போட்டவர்க்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று, மார்புப் படம் எடுத்தும் சளியைச் சோதித்தும் பதினைந்து ஆண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து நோக்கினர்.

முதல் முடிவு 1979-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினைந்தாண்டு முடிவு 1999-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பெரியவர்களிடத்தில் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை. சிறுவர்களிடத்தில் கிட்டிய பாதுகாப்பும் ஏறத்தாழ 27 விழுக்காடே, அதுவும் ஐயத்திற்கு இடமானதே என்பது அம்முடிவு. இம்முறையும் கட்டுரையின் ஆசிரியர் ஒரு நிறுவனமே: "காசநோய் ஆராய்ச்சி மையம், சென்னை."

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். இம்முடிவைக் கொண்டு, பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசி வேண்டா என்று எவரும் கருதிவிடலாகாது. மூளையுறையைத் தாக்கும் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளிலிருந்து அது பச்சிளங்குழந்தைகளைக் காக்கின்றது. ஆதலால்தான் நம் நாட்டில் இன்றும் அது பிறந்தவுடன் போடப்படுகின்றது. பெரியவரின் நுரையீரலைத் தாக்கிப் பிறர்க்குத் தொற்றும் காசநோயை அது தடுக்காது என்பதே திருவள்ளூர் உலகுக்கு உரைத்த செய்தி.

பயன் தரவில்லை என்னும் முடிவு எத்துணைக் கசப்பானது! பதினைந்தாண்டு உழைத்து, பெரும்பொருள் செலவிட்டு, இலட்சக்கணக்கான மக்களின் ஒத்துழைப்பைப் பெற்று, இறுதியில் "ஊசி தடுக்கவில்லை" என்று எழுத எத்தகைய மனவுறுதி வேண்டும்! அவர்கள் அதனை எழுதினார்கள். ஓர் எண்ணையும் மறைக்கவில்லை. அதனாலேயே காசநோய்த் தடுப்பூசி பற்றி உலகில் எங்கு ஆராய்ச்சி நடப்பினும் இவ்வாய்வு பேசப்படுகின்றது. புதிய தடுப்பூசியைத் தேடும் முயற்சிக்கு அஃது ஒரு தூண்டுகோலாகவும் அமைந்தது.

இதே மாவட்டத்தில் மற்றுமொரு சான்றும் உண்டு. 1999-ஆம் ஆண்டில் வெள்ளியூரை மையமாகக் கொண்ட பகுதியில், பணியாளர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மருந்து உட்கொள்ளும் திட்டம் தொடங்கியது. முதல் கணக்கெடுப்பில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 600 என்றிருந்த நுரையீரல் காசநோய், 2004–2006 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 300 ஆகக் குறைந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் வெற்றிக்கதையாகவே முடிந்திருக்கும். ஆய்வாளர்களோ நான்காம் முறையும் சென்று கணக்கெடுத்தனர். நோய் மீண்டும் சற்றே உயர்ந்திருந்தது. அதனையும் வெளியிட்டனர். பெருமைக்காக எழுதியவர்களாயின் மூன்றாம் கணக்கெடுப்போடு எழுதுகோலை மூடி வைத்திருப்பார்கள்.

வெளிவராத ஒரு முடிவு

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ்ப்பாடம் பயின்று பின்னர் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்த மாணவர் ஒருவர் விடுமுறையில் என்னைக் காண வந்தார். இரண்டாண்டுகள் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டியதாகக் கூறினார். "கட்டுரை வெளிவந்துவிட்டதா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. இதை வெளியிட்டால் யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள் என்று அப்படியே வைத்துவிட்டார்கள்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்து, "கதவைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்களுக்கு நான் என்ன சொல்வது ஐயா?" என்று கேட்டார்.

அவ்வினாவிற்கு என்னிடம் விடை இல்லை. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் வழக்கத்தின் முதற்கேடு இதுவே என்பது மட்டும் புலனாயிற்று. வெற்றி பெற்ற முடிவுகள் ஏடேறுகின்றன; பயனற்றது என்று காட்டிய முடிவுகள் அலமாரியில் உறங்குகின்றன. அதனை அறியாத வேறோர் ஆய்வாளர் வேறோர் ஊரில் அதே பிழையான வழியில் மீண்டும் இரண்டாண்டுகள் நடக்கின்றார். திருவள்ளூர் ஆய்வாளர்களும் இவ்வாறே எண்ணியிருந்தால், உலகம் ஒரு பெரும் உண்மையை அறியாமலே இருந்திருக்கும்.

கும்மிடிப்பூண்டி கேட்கும் வினா

இரண்டாவது கேடு இதனினும் ஆழமானது. மேற்கோள் மிகுதியாகக் கிட்டும் பொருளைத் தேடி ஆய்வாளர் செல்வாராயின், நம் ஊரின் நோய்களை ஆராய யார் வருவார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தையும் அதனைச் சுற்றியுள்ள ஆலைகளையும் எண்ணிப் பாருங்கள். இரும்பை உருக்கும் உலைகளும், கம்பிகளாக நீட்டும் ஆலைகளும் அங்கே மிகுதி. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி உழைக்கின்றனர். மணல்தூசியை நெடுநாள் சுவாசிப்பவரின் நுரையீரல் கெடும். அத்தகையோர்க்குக் காசநோய் எளிதில் பற்றும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. காற்றோட்டமற்ற அறையில் ஒருவருக்கு வந்த நோய் அடுத்தவருக்கும் பரவும். ஆறு மாதம் விடாது மருந்து உட்கொள்ள வேண்டிய தொழிலாளி, ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வேறோர் ஊருக்குச் சென்றுவிடுகின்றார்; மருந்து இடையில் நிற்கின்றது. இடையில் நின்ற மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமிக்கு வழிதிறக்கின்றது.

இத்தொழிலாளருள் எத்தனை பேர் மருந்தை முடிக்கின்றனர், எத்தனை பேர் இடையில் மறைகின்றனர், அவர்களை எவ்வாறு தொடர்வது என ஒருவர் ஆராய்ந்து எழுதினால், அதனை உலகப் புகழ்பெற்ற இதழ் ஏற்காமற்போகலாம். பத்துப்பேர்கூட மேற்கோள் காட்டாமற்போகலாம். ஆனால் மாவட்டக் காசநோய் அலுவலரின் மேசையில் அது பயன்படும். ஆலை நிர்வாகம் ஒன்று காற்றுப்போக்கியைச் சீர்செய்ய அது காரணமாகலாம். தாய்மொழி பேச ஆளில்லாத ஊரில் இருமிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் உயிரை அது காக்கலாம். இப்பயனை எந்தக் குறியீடு அளக்கும்?

மேற்கோள் என்பது ஒரு கடன்

தமிழ் பயில்வோர்க்கு மேற்கோள் புதியதன்று. நம் உரையாசிரியர்கள் தாம் எடுத்தாண்ட நூல்களை மதித்துப் பெயர் சுட்டினர். யாப்பருங்கல விருத்தியுரை காட்டிய மேற்கோள்களால்தான், மறைந்துபோன பல தமிழ் நூல்களின் பெயரையேனும் இன்று நாம் அறிகின்றோம். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், தமக்குத் துணைநின்ற இசை, நாடக நூல்களை வெளிப்படையாகக் குறித்தார். அவர்களுக்கு மேற்கோள் என்பது நன்றிக்கடன். தம் மதிப்பை உயர்த்தும் ஏணியன்று.

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர் பெருமக்களும் ஒவ்வொரு செய்தியையும் யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்நாத் தொடரோடு பதிந்தனர். எத்தனை பேர் கூறினர் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கூறியவர் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் உடையவரா, கூறியவரும் கேட்டவரும் சந்தித்ததுண்டா என்றெல்லாம் ஆராய்ந்து தரம் பிரித்தனர். எண்ணிக்கையோடு நம்பகத்தையும் நிறுத்துப் பார்க்கும் அம்மரபை அறிந்த சமுதாயம், வெறும் எண்ணுக்கு மயங்குதல் தகுமா?

இன்று நடப்பதென்ன? படியாத கட்டுரையைப் படித்ததுபோல் காட்டுகின்றனர். நண்பர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக் கணக்கை உயர்த்துகின்றனர். உழைக்காத மேலாளரின் பெயர் முதலில் நிற்கின்றது. உழைத்த மாணவரின் பெயர் விடுபடுகின்றது. சென்னை மையத்தார் தம் பெயர்களையே நீக்கிக்கொண்டு நிறுவனத்தின் பெயரை நிறுத்தியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! பணம் கொடுத்துக் கட்டுரை அச்சேற்றாதீர்கள். முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2022-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் நீக்கிவிட்டது. படித்த நூலையே மேற்கோள் காட்டுங்கள். எதிர்பார்த்த முடிவு கிட்டாவிடினும் கிட்டியதை அவ்வாறே எழுதுங்கள். அது தோல்வியன்று, அடுத்து வருபவர்க்கு நீங்கள் நடும் வழிகாட்டிப் பலகை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறைகளில் ஆண்டுதோறும் கட்டுரைப் பட்டியல் கேட்கின்றோம். அதனோடு, ஒவ்வொருவரும் தாம் சிறந்ததெனக் கருதும் ஒரே ஒரு கட்டுரையைத் தேர்ந்து, அதில் கண்டது யாது, அதனால் யாருக்குப் பயன் என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அப்பக்கங்களைத் துறைக்கூட்டத்தில் படித்து விவாதிப்போம். முப்பது கட்டுரைகளின் தலைப்புகளைவிட அவ்வொரு பக்கம் ஓர் ஆசிரியரை நன்கு காட்டும்.

சமுதாயப் பெரியோர்களே! கல்விக்கென நீங்கள் வழங்கும் நிதியில் ஒரு சிறு பகுதியை நம் மாவட்டத்து மக்களின் நலம் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் குடியிருப்புகளில் நம் மாணவர்கள், அரசு மருத்துவர்களின் வழிகாட்டுதலோடு, இருமல் நீடிப்போரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லவும், அவர்தம் நிலையை முறையாகப் பதிந்து வைக்கவும் அது உதவும். இந்தியும் உருதுவும் அறிந்த மாணவர்கள் நம்மிடையே உள்ளனர். மொழி தெரியாமல் மருந்தை நிறுத்திவிடும் தொழிலாளிக்கு அவர்கள் உறுதுணையாவர். பெரும் ஆய்வுகள் பலவும் இத்தகைய பதிவேடுகளிலிருந்தே தொடங்குகின்றன.

அரை நூற்றாண்டுக்கு முன் திருவள்ளூர்ச் சிற்றூர்களில் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட உழவரும், நெசவாளரும், தாய்மாரும் எந்த ஆய்விதழையும் கண்டவரல்லர். தம் பெயர் எங்கும் அச்சேறும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் உலகெங்கும் எடுத்தாளப்படும் அக்கட்டுரையின் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் அவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு உண்மையைக் கூறியதே அவ்வாய்வாளர்களின் பெருமை. மேற்கோள்கள் அதன் பின்னர் வந்தவையே. நம் கட்டுரைகளும் அவ்வரிசையில் அமைதல் வேண்டும்: முதலில் உண்மை, அடுத்துப் பயன், அதன் பின்னரே எண்ணிக்கை.